மணி அடித்தபோது தலை குனியாதவள்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் சர்க்காரின் ராட்சத பலூன் ஒன்றை என் வாயாலேயே தூத்துக்குடிக் கடலில் இறக்கியவள் நான். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். காற்றுக்கும் அதில் பங்கு உண்டு. பலூனில் ஓட்டை இருந்ததையும் மறைக்கக் கூடாது. ஆனால் அமெரிக்காக்காரன் விட்ட ஸ்கைலாப் விண்கூடம் விழப்போகிறது, நம் தலையிலா எதிர்வீட்டுக்காரன் தலையிலா என்று இந்த வாரம் தெருவே மொட்டை மாடியில் பாயை விரித்து வானத்தைப் பார்த்துக் கிடக்கும்போது, இந்த ஊர் அந்தப் பரீட்சையை நாற்பத்து மூன்றிலேயே எழுதிப் பாஸாகிவிட்டது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எழுதியவள் மெட்டில்டா. இது அவள் கதை. நடுவில் நானும் கொஞ்சம் வருவேன். என்னைத் தள்ளிவைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

மெட்டில்டா புன்னைக்காயலில் பிறந்தவள். அவள் அப்பா சங்கு குளிக்கிறவர். அவர் கடலுக்குப் போன நாளெல்லாம் மணலில் நின்று கிழக்கே பார்ப்பதுதான் அவள் சிறுவயது வேலை. கடலும் வானமும் சேரும் இடத்தில் நகத்தளவு பாய் தெரிந்தால் போதும், அதன் சாய்வைப் பார்த்தே இன்னார் வள்ளம் என்று சொல்லிவிடுவாள். அந்தப் பார்வை அவளுக்கு ஒரு கெட்ட பழக்கத்தையும் கொடுத்துவிட்டது. அவளுக்குத் தலை குனிய வராது. கல்யாணப் பூசையில் முக்காட்டைச் சரிசெய்ய வந்த மாமியார், கொஞ்சம் குனியம்மா என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் தானே ஒரு முக்காலியைக் கொண்டுவரச் சொல்லி ஏறி நின்றாராம். முக்காலியை நான் சேர்த்துக்கொண்டேன். மாமியார் எக்கி நின்றது நிஜம்.

அவள் புருஷன் ரோச் நல்ல மனிதர். எந்தக் காரியத்தையும் அது நடக்காது என்பதிலிருந்து தொடங்குவார். சொந்தமாக ஒரு சின்ன வள்ளம் இருந்தது. வருஷா வருஷம் சங்கு குளிப்புக்கு அந்த வள்ளம் போகும். கரையிலிருந்து விடியும் முன்பே கிளம்பி, குளியாட்களைச் சங்கு கிடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், பொழுது சாயும் முன் திரும்பிக் கொண்டுவந்து விடவேண்டும். துடுப்பு போட்டுப் போய்வருகிற தூரம் இல்லை. பாய் வேண்டும். தொடக்க நாளில் பாயோடு வந்து வரிசையில் நிற்காத வள்ளத்துக்கு அந்த வருஷம் இடம் கிடையாது. அதைவிட மோசம், அதன் குளியாட்கள் வேறு வள்ளத்துக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் அடுத்த வருஷமும் திரும்ப மாட்டார்கள்.

அந்தப் புரட்டாசிக் காற்றில் ரோச்சின் பாய் மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. அதற்கு முன்பே அதில் பாயைவிட ஒட்டுத்துணிதான் அதிகம் என்பதால், தைக்கப் போனவர்களின் ஊசிக்குப் பிடிமானமே கிடைக்கவில்லை. புதுக் கித்தான் வாங்கலாம் என்றால் ஊரில் இருந்த கித்தான் முழுவதும் பட்டாளத்துக் கூடாரங்களுக்குப் போய்விட்டது. சேலைத்துணிக்கே வரிசையில் நின்ற காலம். மெட்டில்டா ஜவுளிக்கடைப் பொன்னுதுரை அண்ணாச்சியிடம் நான்கு நாள் தொடர்ந்து போய் நின்றாள். ஐந்தாம் நாள் அவர், என்னிடம் கோபப்பட்டு என்ன தாயி பண்ண, சரக்கு மேலேயிருந்தல்லவா வரவேண்டும் என்றார். மேலே என்று அவர் சொன்னது மதராசை. மெட்டில்டா கடையை விட்டு இறங்கினாள், வழக்கம்போல நிமிர்ந்தபடி. தென்கிழக்கே, கண்ணுக்கெட்டிய உயரத்தில், வெள்ளி நிறத்தில் ஏதோ ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அதைக் கரையில் முதலில் பார்த்தவள் அவள்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதைப் பார்த்ததும் ஜப்பான்காரன் என்று ஓடாதவள் அவள் ஒருத்திதான். நாங்களெல்லாம் ஓடினோம். கொழும்பில் குண்டு விழுந்த வருஷம் ஊரைக் காலிசெய்து ஓடிய பழக்கம் காலில் இருந்தது. நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்குப் பின்னால் ஒளிந்தேன். குண்டுக்குக் கரும்பலகை எந்த அளவுக்குத் தாங்கும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

மத்தியானத்துக்குள் சங்கதி தெரிந்துவிட்டது. விமானத் தாக்குதல் வந்தால் எச்சரிப்பதற்காக எங்கள் பகுதியில் ஒரு வார்டன் இருந்தார். சாயர்புரத்துத் தேவபிரசாதம். தலையில் இரும்புத் தொப்பி, கையில் தகரக் குழல். அந்தக் குழலில் அவர் சொன்னது இது: எதிரி விமானம் தாழப் பறக்காமல் இருக்க இலங்கையில் இரும்புக் கயிற்றில் கட்டிப் பறக்கவிட்ட காவல் பலூன் அது. கயிறு அறுந்து வந்துவிட்டது. உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் வாயு. ஒரு பீடிப் பொறி போதும். அது விழும் இடத்தைப் பார்க்கிறவர்கள் உடனே தம்மிடம் சொல்ல வேண்டும். அது சர்க்கார் சொத்து.

“அது என்ன துணி ஐயா?” என்று கேட்டாள் மெட்டில்டா.

தேவபிரசாதத்துக்கு எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இது அதில் இல்லை. பருத்தித் துணி, ரப்பர் பூசினது என்று யோசித்துச் சொன்னார். தண்ணீர் இறங்காது, காற்றும் போகாது என்று தாமாகவே சேர்த்தும் சொன்னார். அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்றைக்கு முழுவதும் பலூன் அசைந்த மாதிரியே இல்லை. அதன் கயிறு கடலில் இழுபட்டுக்கொண்டு வந்ததால் நிற்கிறதா நகர்கிறதா என்று தெரியவில்லை. இரவானதும் ஊர் முழுக்கக் கரைக்கு வந்தது. வெளிச்சம் காட்டக் கூடாது என்ற உத்தரவால் ஒரு ஜன்னலில்கூட விளக்கு இல்லை. அதனால் வானம் அத்தனை பெரிதாக இருந்தது. நிலவில் பலூன் ஒரு வெள்ளைக் கத்தரிக்காய் போல மின்னியது. ஆளுக்கொரு கணக்கு. அது ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் வயலில் விழும் என்றார்கள். இல்லை, விளாத்திகுளத்துக் காட்டில்தான் என்றார்கள். மாதா கோயில் கோபுரத்தில் சிக்கும் என்று ஒரு கிழவர் சொல்லி, அதற்காக நாலு பேரிடம் ஏச்சும் வாங்கினார். மேகம் நகர்ந்தபோதெல்லாம் பலூன் நகர்கிறது என்று கூட்டம் எழுந்து நின்றது. பிறகு கழுத்து வலித்தது. பிறகு பசித்தது. ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள்.

மெட்டில்டா போகவில்லை. வலை காயப்போடும் கம்பம் ஒன்றில் தோளைச் சாய்த்து நின்றாள். ரோச் வந்து கூப்பிட்டார்.

“ஏளா, அது விழாது. விழுந்தாலும் நமக்குக் கிடைக்காது. கிடைச்சாலும் சர்க்கார் விடாது.”

“விழாதுன்னா நான் சும்மா நிக்கேன். விழுந்தா பாத்துக்கிட்டு நிக்கேன். ரெண்டுலயும் நின்னுதான ஆவணும்,” என்றாள். “குசினில கஞ்சி இருக்கு. நீங்க குடிச்சிட்டுப் படுங்க.”

நான் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி. கூட இருந்து விடியவிடியக் கண் விழித்தேன் என்று எழுத ஆசைதான். மணலில் படுத்தவள் தூங்கிப்போனேன். விழித்தபோது அவள் அதே கம்பத்தில், அதே சாய்வில் இருந்தாள். பலூன் மட்டும் பாதி உயரத்துக்கு இறங்கியிருந்தது.

மறுநாள் பகல் முழுவதும் அது இறங்கியது. மூக்கு மேலே, வால் கீழே, வயிறு ஒட்டிப்போய். சாயங்காலம் முயல்தீவுக்கு மேலே வந்து தள்ளாடியபோது கரையில் முந்நூறு பேராவது இருப்பார்கள். அதில் பாதிப் பேர் கண்ணில் மெட்டில்டாவின் எண்ணம்தான் இருந்தது. அவ்வளவு துணியை வானத்தில் வைத்துக்கொண்டு யாருக்குத்தான் வேறு எண்ணம் வரும்? வள்ளக்காரர்கள் துடுப்போடு தயாராக இருந்தார்கள். விழுவதை எல்லோரும் பார்த்தால், பெரிய வள்ளமும் நிறைய ஆளும் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது. ரோச்சிடம் இருந்தது ஒரு சின்ன வள்ளமும் ஒரு தம்பியும்.

அப்போது மாதா கோயிலில் மாலை மணி அடித்தது.

மாலை மணி அடித்தால் எங்கள் கரையில் எந்தக் கையும் வேலை செய்யாது. வலை பின்னுகிறவர் ஊசியைக் கீழே வைப்பார். மீன் விலை பேசுகிறவள் பாதி விலையில் நிறுத்துவாள். தலைத்துண்டு இறங்கும், கண் தரையைப் பார்க்கும். மாதாவுக்கு மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லி முடிகிறவரை உலகம் காத்திருக்க வேண்டியதுதான். கொழும்புத் தோணி கரைதட்டப் போகும்போது மணி அடித்தாலும் முதலில் மந்திரம், பிறகுதான் தோணியைத் தள்ளும் கழி. அன்றும் முந்நூறு தலையும் குனிந்தன. தேவபிரசாதம் வேறு சபைக்காரர், எங்கள் மணி அவரைக் கட்டாது. இருந்தாலும் மரியாதை தெரிந்த மனிதர். இரும்புத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு தம் சப்பாத்தின் நுனியைப் பார்த்தார்.

அது அக்டோபர், மாதாவுக்குரிய செபமாலை மாதம். டீச்சர் என்பதால் கரையில் முன்னால் நின்று மந்திரம் சொல்லும் வேலை எனக்கு. சொல்கிறவளுக்கு ஒற்றைக் கண் அனுமதி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணால் பார்த்தேன். மெட்டில்டாவின் உதடு மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. தலை மட்டும் குனியவில்லை. பிறந்ததிலிருந்து எல்லோரும் குறைசொன்ன அந்தத் தலை நேராக நிமிர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. முயல்தீவுப் பக்கம் நின்ற பலூன் தாழ இறங்கியதும் கடல்மட்டத்துக் காற்று அதைப் பிடித்து வடக்கே விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு போனது. மூன்றாவது மந்திரம் முடியப்போகிறது. முடிந்தால் முந்நூறு தலையும் நிமிரும். பலூன் இன்னும் கடலைத் தொடவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முடிக்கவில்லை. பட்டாளத்துக்குப் போனவர்களுக்காக ஒன்று என்றேன். கடலில் இருப்பவர்களுக்காக ஒன்று என்றேன். விளக்கில்லாத வீடுகளுக்காகவும் ஒன்று சொன்னேன். ஒரு தலையும் நிமிரவில்லை. மாதா மந்திரத்துக்கு நடுவில் யார் நிமிர்வார்கள்? நான் ஆமென் சொன்னபோது வானம் துடைத்துவிட்டது போல இருந்தது.

பிறகு நடந்த கூத்தைக் கேட்க வேண்டாம். கடைசியாகப் பார்த்தபோது முயல்தீவுக்கு மேல் இருந்ததால் அத்தனை வள்ளமும் தெற்கே பாய்ந்தது. தேவபிரசாதமும் குழலோடு தெற்கே ஓடினார். மெட்டில்டா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கண் ஒரே இடத்தில் இருந்தது. ரோச் வந்ததும் தன் தோள் இருந்த இடத்தில் அவர் தோளை வைக்கச் சொன்னாள். வடகிழக்கே மணல்திட்டில் துறைமுகத்தார் நட்ட இரும்புக் கம்பம் ஒன்று தெரியும். இந்த வலைக்கம்பத்திலிருந்து பார்த்தால் அந்த இரும்புக் கம்பத்துக்கு நேர் பின்னால், வான்தீவைத் தாண்டி, பலூன் உட்கார்ந்தது. அந்தக் கோட்டை விடாமல் போனால் அதன்மேல் முட்டலாம்.

நல்ல நிலவு. ஆனால் கடலிலிருந்து திரும்பிப் பார்த்தால் வலைக்கம்பம் தெரியாது. அதற்காக என்னை அந்தக் கம்பத்தோடு நிற்க வைத்தாள். நான் வெள்ளைச் சேலை கட்டியிருந்தேன். அத்தனை தூரத்துக்கு வெள்ளைச் சேலை தெரியுமா என்று கேட்காதீர்கள். கஞ்சியும் நீலமும் போட்ட சேலை. அந்த ராத்திரி தூத்துக்குடியில் எரிந்த ஒரே கலங்கரை விளக்கம் நான்தான்.

வள்ளத்தில் ஏறும்போதுதான் ரோச் தயங்கினார். பெண்கள் ஏறிய வள்ளம் உருப்படாது என்பது கரையின் சட்டம்.

“நீ ஏறாத, மெட்டில்டா. நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

“பாயில்லாதது வள்ளமா? வெறும் பலகை. பலகையில பொம்பள உக்காரக் கூடாதுன்னு எவன் சொன்னான்? பாய் வந்தப்பொறவு நான் ஏறல. இப்ப வாரீயளா, நானே துடுப்பு போடவா?”

ரோச்சின் தம்பி சிலுவை இதைக் கேட்டுச் சிரித்தான். அவன் காதில் ஒரு பீடி இருந்தது. மெட்டில்டா அதை எடுத்து என் கையில் கொடுத்தாள். ரோச்சின் மடியிலிருந்த பீடிக்கட்டும் தீப்பெட்டியும் என்னிடம் வந்தன. தன் வாழ்நாளில் செய்த பெரிய தியாகம் அது என்று ரோச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கடலில் நடந்தது நான் பார்க்காதது. ரோச் ஒரு விதமாகச் சொன்னார், சிலுவை ஒரு விதமாகச் சொன்னான். இரண்டுக்கும் நடுவில் எனக்குப் பிடித்ததைத் தருகிறேன். அவர்கள் இருவரும் துடுப்பு போட, மெட்டில்டா பின்னோக்கி உட்கார்ந்து, இரும்புக் கம்பத்தோடு என் சேலையை ஒரே கோட்டில் சேர்த்தே வைத்திருந்தாள். கொஞ்சம் விலகினாலும் வலது, இடது என்று சொன்னாள். வான்தீவைத் தாண்டியதும் அது கிடந்தது. இரும்புக் கயிறு கடலடிப் பாறையில் மாட்டிக்கொள்ள, பாதி உடம்பு தண்ணீரில், பாதி காற்றில், கள்ளுக் குடித்த யானைபோல் உருண்டு உருண்டு மூச்சுவிட்டது. ரோச் துடுப்பை நிறுத்திவிட்டார்.

“இது நம்மள முழுங்கிரும். திரும்பிருவோம்.”

“அது செத்துக்கிட்டு கெடக்கு. பக்கத்துல போங்க.”

முழுவதையும் ஏற்ற அவர்கள் வள்ளத்தைப் போல மூன்று வேண்டும். முழுவதும் வேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை. இரண்டு நாளாகக் கண்ணாலேயே அளந்து வைத்திருந்தாள். பலூனின் பின்னால் மீன் செதில்போல் மூன்று வால் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு பாய்க்குக் காணும். சிலுவை கத்தியால் குறுக்கே கிழிக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். குறுக்கே கிழித்தால் துணி வீண். தண்ணீரில் இடுப்பளவு தொங்கிக்கொண்டு, தையல் தையலாக, ஒரு நூலையும் விடாமல் பிரித்தாள். அலை அவளை இரண்டு தடவை பலூனின் வயிற்றுக்கு அடியில் கொண்டுபோனது. இரண்டு தடவையும் ரோச் கூந்தலைப் பிடித்து இழுத்தார். இரண்டு தடவையும் அவள் கையில் துணியின் நுனி இருந்தது. விடியும் நேரத்துக்கு ஒரு வால் வள்ளத்தில் ஏறியது.

கரைக்கு வந்ததும் ஈரச் சேலையோடு நேரே தேவபிரசாதத்திடம் போய், பலூன் கிடக்கும் இடத்தை அவளே சொன்னாள். அவர் லாஞ்சில் அதிகாரிகளை அழைத்துக்கொண்டு போனார். போன கையோடு அகப்பட்டது. இத்தனை கண் தேடிக் காணாததைத் தேவபிரசாதம் காட்டிக் கொடுத்தார் என்று அதிகாரிகள் அவர் முதுகில் தட்டினார்கள். சாயங்காலம் அவர் மெட்டில்டாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். மூன்று வால் இருக்க வேண்டும், இரண்டுதான் இருக்கிறது என்றார்.

“மீனுக்கே வாலு ஒண்ணுதான் ஐயா. இதுக்கு எதுக்கு மூணு?”

“காத்துல பிஞ்சு போயிருக்கும்னு அதிகாரி சொல்லுதாரு. ஆனா தையல் பிரிஞ்சிருக்கு, மெட்டில்டாம்மா. காத்து தையல் பிரிக்குமா?”

“சர்க்கார் பலூனுக்குச் சர்க்கார் காத்து. படிச்ச காத்தா இருக்கும்.”

அவர் இரும்புத் தொப்பியைச் சற்று நேரம் சொறிந்துவிட்டுப் போனார்.

புதுப் பாயை மரப்பட்டைச் சாயத்தில் வேகவைப்பது எங்கள் வழக்கம். அப்போதுதான் உப்பு அரிக்காது. சாயமேறாத பாயை எந்த வள்ளக்காரனும் ஏற்ற மாட்டான். துணியை அண்டாவில் போட்டுத் தீ மூட்டினார்கள். ரப்பர் இளகி எழுந்த நாற்றம் இருக்கிறதே, அண்டா வைத்திருந்த தெருவை விட்டு நாய்கள் மூன்று நாள் குடிபெயர்ந்தன. அவசரமாக வெளியே இழுத்தால், உள்பக்கம் மட்டும் காவி பிடித்திருந்தது. வெளிப்பக்கத்து வெள்ளிப் பூச்சு அப்படியே பளபளத்தது. ஒரு பக்கம் எல்லோருடைய பாய்போல, மறுபக்கம் ஆகாயத்தில் தொங்கினதுபோல. ரோச் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். காவிப் பக்கம் கரையைப் பார்க்க ஓட்டுங்கள் என்றாள் மெட்டில்டா. அதைக் காத்துக்கிட்ட சொல்லு என்றார் ரோச்.

சங்கு குளிப்பின் தொடக்க நாள் வந்தது. இருட்டோடு வள்ளங்கள் வரிசையில் நின்றன. ரோச்சின் குளியாட்கள் வேறு வள்ளத்தின் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள். ரோச்சின் பாய்மரத்தில் சுருட்டிய பாயைப் பார்த்ததும் ஒருவர் பின் ஒருவராக இங்கே வந்து ஏறினார்கள். மெட்டில்டா ஏறவில்லை. சொன்ன சொல். கரையில், தன் கம்பத்தருகில் நின்றாள். சங்கு குளிப்பை நடத்தும் மீன் இலாகா அதிகாரிகளும் வந்திருந்தார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்தத் தேவபிரசாதமும் நின்றார். வரிசைப்படி வள்ளங்கள் விலகின. ரோச் பாயை ஏற்றினார். காவி நிறம். மெட்டில்டா மூச்சு விட்டாள்.

திட்டைத் தாண்டும் இடத்தில் காற்று திரும்பியது. ரோச் பாயை மறுபக்கம் புரட்டியே ஆகவேண்டும். புரட்டினார். சரியாக அந்த நேரத்தில் சூரியன் மேலே வந்தது. அத்தனை காவிப் பாய்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் கண்ணாடிபோல் எரிந்தது. கரை முழுக்கப் பார்த்தது. அதிகாரி கண்ணைக் கைவைத்து மறைத்துக்கொண்டு, அது என்ன பாய் என்று வார்டனைக் கேட்டார்.

மணி அடிக்கவில்லை. அடிக்கும் நேரமும் இல்லை. தேவபிரசாதம் இரும்புத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, தம் சப்பாத்தின் நுனியைப் பார்த்தார். ஏதோ வேண்டுதல் நடக்கிறது என்று நினைத்து அதிகாரியும் தொப்பியைக் கழற்றினார். வள்ளம் வான்தீவுக்குப் பின்னால் மறைகிறவரை இருவரும் நிமிரவில்லை.

அந்தப் பாய் ஒன்பது குளிப்புக் காலம் உழைத்தது. அதில் மிஞ்சியதை மெட்டில்டா வீட்டாருக்கு மழைக்குப் போர்த்திக்கொள்ளத் தைத்துக் கொடுத்தாள். இன்றும் அவள் வீட்டுக் கோழிக்கூட்டின் மேல் ஒரு முழம் கிடக்கிறது. ரோச் போய்விட்டார், சிலுவையும் போய்விட்டான். வள்ளத்தில் மகன் இப்போது மோட்டார் வைத்திருக்கிறான். மெட்டில்டாவுக்குக் கண் மங்கிவிட்டது. தலை மட்டும் இன்னும் குனியவில்லை. இதை எழுதி முடித்து அவளுக்கே வாசித்துக் காட்டினேன். எங்கும் குறுக்கிடாமல் கேட்டாள். கடைசியில், எல்லாம் சரி, அந்த மந்திரம் சொன்ன இடத்தை மட்டும் மாத்து என்றாள்.

“பட்டாளத்துக்கும் கடல்காரனுக்கும் நீ ஒண்ணும் நீட்டல, பிளாரன்சு. மூணாவதுல உனக்கு வசனம் மறந்துபோச்சு. மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்ச. அதுவும் ரெண்டு தடவ.”